கண்ணை மூடாதீங்க அத்தை

என்னுடைய வலது கை ஒரு சினிமாவில் நடித்திருக்கிறது. முழங்கைக்குக் கீழே, இரண்டு கண்ணாடி வளையலோடு. சொன்னால் யாரும் நம்புவதில்லை. "கை மட்டும் எதுக்கு, மூஞ்சி வேணாம்னுட்டாங்களா?" என்று என் பேரப்பிள்ளைகள் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கை திரையில் இருந்தது மூன்று விநாடியோ நான்கு விநாடியோ. அதற்கப்புறம் எத்தனையோ படம் பார்த்தாயிற்று, எத்தனையோ கோயில் போயாயிற்று, அன்றைக்குச் சிலிர்த்த மாதிரி என் உடம்பு ஒரு தடவையும் சிலிர்த்ததில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொறுமை கிடையாது. இப்போதும் சோறு வேகிறதற்குள் நாலு தரம் மூடியைத் திறந்து பார்க்கிறவள்தான். அவள் எனக்கு நேர்மாறு. அவள் என்றால் பக்கத்து வீட்டுப் பெண், என் வயதுதான். அப்போது எங்களுக்கு எட்டு முடிந்து ஒன்பது நடந்தது. கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக்குப் போகிற சந்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவளுடைய அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்பதைத்தான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அவரை மாமா என்றும் அவளுடைய அம்மாவை அத்தை என்றும் கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான்.

பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவது பெரிய பாடு. வழியில் எதைப் பார்த்தாலும் நின்றுவிடுவாள். படகில் மூட்டை ஏற்றினால் நிற்பாள். மாட்டுக்கு லாடம் அடித்தால் நிற்பாள். எறும்புகள் செத்த வண்டு ஒன்றை இழுத்துக்கொண்டு போனால் உட்கார்ந்தே விடுவாள்.

"வாடி சனியனே, மணி அடிச்சிடுவாங்க" என்று கையைப் பிடித்து இழுப்பேன்.

"இருடி, அதுங்க வூடு போயி சேரட்டும்" என்பாள்.

எறும்பு வீடு போய்ச் சேருகிற வரைக்கும் நாங்கள் தெருவில் நிற்க வேண்டும்! அவளால் நான் வாங்கின பிரம்படி கொஞ்சநஞ்சம் இல்லை. தனியாகப் போயிருக்கலாம்தான். ஒரு நாளும் போனதில்லை. கையைப் பிடித்து இழுப்பேனே தவிர, கையை விட்டதில்லை.

யுத்தம் முடிந்திருந்த சமயம். அந்த வருஷம் ஆனித் திருமஞ்சனத் தேருக்குச் சிதம்பரம் போனோம். அப்பா, அம்மா, நான், கூட அவள். அத்தைக்குக் கைக்குழந்தை இருந்தது, அதற்கு மாந்தம் வேறு. "இவளையாவது கூட்டிட்டுப் போங்க, தேரு தேருன்னு ராவெல்லாம் தூங்கல" என்று சொல்லி அனுப்பினாள். ரயிலில் ஜன்னல் பக்கம் யார் உட்காருவது என்று எனக்கும் அவளுக்கும் சண்டை. பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் ஏறினதும் சண்டை தானாக நின்றுவிட்டது. கீழே தண்ணீரைப் பார்த்த பயத்தில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம்.

தேரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வீடுதான் பெரியது, கோபுரம் அதைவிடப் பெரியது, இரண்டும் இருந்த இடத்தில் இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். இது கோபுரம் போல இருந்துகொண்டு நடந்து வந்தது! வடத்தைப் பிடித்து அத்தனை ஜனம் இழுக்கிறது, சக்கரம் ஒரு முழம் நகர்கிறது, தரை அதிர்ந்து உள்ளங்கால் கூசுகிறது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவள் நாவல் பழம் தின்றுகொண்டு நின்றாள். அப்பா ஒரு இலை நிறைய வாங்கிக் கொடுத்திருந்தார். நாக்கு, உதடு, மோவாய் எல்லாம் ஊதா.

தெற்கு வீதி ஓரத்தில் மாடு அவிழ்த்துவிட்ட ஒரு கட்டை வண்டி நின்றது. அதன் மேல் மூன்று காலில் ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் ஒருத்தர் குனிந்து கையால் எதையோ சுற்றிக்கொண்டிருந்தார். தொப்பி போட்ட இன்னொருத்தர் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"யாரும் மிஷினைப் பாக்காதீங்க! தேரைப் பாருங்க! பசங்களா, அங்க பாருங்க, சாமி வருது!"

சினிமாவுக்குத் தேரைப் பிடிக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். எல்லாரும் சாமியைப் பார்த்தார்கள். அவள் மட்டும் அப்படியே திரும்பி, வண்டிக்கு நேராக இரண்டடி நடந்து போய், பெட்டியின் கண்ணாடிக் கண்ணை அண்ணாந்து பார்த்தாள். எறும்பைப் பார்க்கிற அதே பார்வை. எனக்கு ரங்கராட்டினத்தில் ஏற வேண்டும். தேர் தாண்டினதும் ஏற்றிவிடுகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார், தேர் தாண்டிக்கொண்டிருந்தது. "வாடி!" என்று ராட்டினத்தைப் பார்த்தபடியே எட்டி அவள் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

ரயிலில் திரும்பும்போது அவள் என் காதில் சொன்னாள், "மிஷின்ல என்னைப் புடிச்சிருப்பாங்களாடி?"

"புடிச்சிருப்பாங்க. அவ்ளோ கிட்டப் போயி நின்னியே."

அவள் முகம் மாறிவிட்டது. காரணம் எனக்கும் தெரியும். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று மாமாவுக்கு உறுதியான நம்பிக்கை. அவர்கள் வீட்டில் சாமி படம் உண்டு, மனுஷர் படம் ஒன்றுகூடக் கிடையாது. "அப்பாகிட்ட சொல்லிடாத. என் தலைமேல அடிச்சி சத்தியம் பண்ணு" என்றாள். அவளை இழுத்த அதே கையை அவள் தலையில் வைத்துச் சத்தியம் பண்ணினேன். சத்தியத்தை மீறினால் கை வைத்த அந்தத் தலை வெடித்துவிடும் என்பது எங்கள் பள்ளிக்கூடத்துச் சட்டம்.

கார்த்திகை மாசம் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. அவளுக்கு ஜுரம் என்றார்கள், அப்புறம் விஷ ஜுரம் என்றார்கள், அப்புறம் என்னை அந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்றார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று "ஏய், ஏய்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு நாள் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள். மறுநாள் தட்டவில்லை. அதற்கு மறுநாள் காலையில் அத்தை அலறின அலறல் அந்தச் சுவர் வழியாகத்தான் எனக்கு வந்தது.

நான் அழவில்லை. பயந்து போயிருந்தேன். மிஷின்தான் அவளைக் கொண்டுபோய்விட்டது என்று எனக்குத் திட்டமாகத் தெரிந்தது. அது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. வாயைத் திறக்கவில்லை.

தை மாசம் மாமாவின் தம்பிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக்கிவிடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் அவளைக் கூப்பிட்டுப் படைத்த பிறகுதான் மற்ற வேலை. ஆற்றங்கரையில் பம்பை அடித்து அவளைக் கூப்பிட்டார்கள். கரகத்தில் தண்ணீர் மொண்டு அவளை வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். சுவர் ஓரம் மஞ்சள் நனைத்த புதுப் பாவாடை, வளையல், சீப்பு, கதம்பம் எல்லாம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். எத்தனை கனமான மூட்டையைத் தோளில் போட்டாலும் குனியாத மாமா, நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார்.

"தாயே, குடும்பத்தக் காப்பாத்தும்மா" என்றார்.

யாரைத் தாயே என்கிறார்? மூக்கை ஒழுங்காகச் சிந்தத் தெரியாதவளையா? ஆனால் பெரியவர்கள் எல்லாரும் கைகூப்பி, கண்ணை மூடி, கண்ணீர் வடிய நின்றதைப் பார்த்தபோது எனக்கும் கை தானாகக் குவிந்துவிட்டது. அவள் பெரிய ஆளாகிவிட்டாள், நான் இங்கேயே நின்றுவிட்டேன் என்று தோன்றியது. உடன் படித்தவள் தெய்வமாகிவிட்டால் அவளோடு சண்டை போடுவது எப்படி என்று யோசித்து யோசித்து அன்றைக்குத்தான் அழுதேன்.

அதற்குச் சில நாள் கழித்து, கொல்லைப்புறத்தில் அத்தை என்னைக் கூப்பிட்டாள். அவள் இறந்த பிறகு அத்தை என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்தால் அவள் ஞாபகம் வருகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

"ஏண்டி, அவளுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்துச்சே, அப்புறம் மொளைச்சிச்சா?"

எனக்குத் தெரியவில்லை. கூடவே சுற்றினேன், கூடவே தின்றேன், பல் முளைத்ததா என்று பார்க்கவில்லை.

"எனக்கு அவ மூஞ்சி மறந்து போவுதுடி" என்றாள் அத்தை. "கண்ணு தனியா வருது, மூக்கு தனியா வருது. ஒண்ணா வர மாட்டேங்குது. பெத்தவளுக்கு மறக்குமா? இன்னா ஜென்மம் நான்!" என்று வாயில் அடித்துக்கொண்டாள். நான் ஓடிவந்துவிட்டேன்.

பங்குனியில், ரயிலடிக்குப் பின்னால் இருந்த திடலில் டூரிங் டாக்கீஸ் கூடாரம் போட்டார்கள். மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்து, நோட்டீஸ் போட்டுக்கொண்டே சந்து சந்தாகப் போனார்கள். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடிப் பொறுக்கினோம். கதை என்னவோ ராஜா காலத்துக் கதை. அடியில் கொட்டை எழுத்தில், "சிதம்பரம் தேர்த் திருவிழாக் காட்சியும் உண்டு" என்று போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்ததும் நோட்டீஸை நாலாக மடித்துப் பாவாடையில் செருகிக்கொண்டேன்.

அடம் பிடித்து, சாப்பிடாமல் கிடந்து, முதல் ஆட்டத்துக்கு அம்மாவோடு போனேன். மூங்கில் தட்டிக்கு ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். தரையில் மணல். மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்காருவார்கள், பின்னால் இருப்பவள் "மறைக்குது" என்று சண்டைக்கு வருவாள். படம் ஓட்டுகிற மிஷின் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சுருள் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த சுருளை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் முறுக்கு, சோடா, பிள்ளைகளின் ஒப்பாரி. மூன்றாவது சுருளின் கடைசியில் ராஜாவின் தாயார் தரையில் விழுந்து புரண்டாள். விளக்கு எரிந்தது. விளக்கு அணைந்தது. நாலாவது சுருள்.

முதலில் கோபுரம் வந்தது. அப்புறம் தேர்ச் சக்கரம். அப்புறம் மேளக்காரர்கள். அப்புறம் அவள்.

தேர்ச் சக்கரம் எத்தனை பெரிதோ அத்தனை பெரிய முகம். கண்ணை இமைக்காமல் என்னைப் பார்த்தாள். கடற்காற்று கூடாரத்துக்குள் புகுந்து திரைத்துணியை மெல்லத் தள்ளியது, அவள் கன்னம் உப்பி அடங்கியது. மூச்சு விட்டாள்! சத்தியமாகச் சொல்கிறேன், மூச்சு விட்டாள். என் உடம்பில் இருந்த மயிர் அத்தனையும் நின்றது. வாயில் நாவல் பழம் ஒதுக்கியிருந்த இடம்கூடத் தெரிந்தது. அப்போது ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. ஐயோ, என் வளையல்! என் கை! அவள் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை இழுத்தது. அவள் போய்விட்டாள். ஒரு ராஜா குதிரையில் வந்தார்.

"அம்மா, பாத்தியா?"

அம்மா முன்னால் இருந்தவளோடு மணல் மேட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாடி பாத்தது, இவ கொண்டையத்தான் பாக்கறேன்" என்றாள்.

இரண்டு நாள் காய்ச்சல்காரி மாதிரிக் கிடந்தேன். சொன்னால் சத்தியம் போய்விடும். மாமாவுக்கு மிஷின் விஷயம் தெரிந்துவிடும், நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாகக் கொடுத்தேன் என்பார். சொல்லாவிட்டால் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள், அத்தைக்கு அந்த முகம் என்றைக்கும் கிடைக்காது. சத்தியத்தை மீறினால் அவள் தலை வெடிக்கும். வெடிக்க அவளுக்குத் தலை எங்கே இருக்கிறது? இப்படிக் கணக்குப் போட்டுத்தான் நான் போனேன். ஒன்பது வயதுக்கு வேறு எப்படிப் போட முடியும்?

அத்தை முறத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். வாசற்படியிலேயே நின்று சொன்னேன், "அத்தை, அவ சினிமாவுல வர்றா."

எழுந்து வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டாள். "யாருகிட்ட வெளையாடற?"

அறையை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி, பெட்டி, நாவல் பழம், நான் இழுத்தது, சத்தியம், எல்லாம். அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முறம் கவிழ்ந்து மல்லாட்டை கூடம் முழுக்க ஓடியது.

"பல்லு மொளைச்சிருக்கா?" என்றாள்.

"பாக்கல அத்தை. நான் என் கையத்தான் பாத்தேன்."

எனக்கு அப்போது வந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

சாயங்காலம் மாமா வந்ததும் அத்தை சொல்லிவிட்டாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மண்டித் தூசியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிட்டேன், "மிஷின்ல புடிச்சதாலயா மாமா செத்துப்போனா?"

அவர் கழுத்து நரம்பு ஏறி இறங்கியது. "அன்னிக்கி மிஷினு புடிச்சது ஊருப்பட்ட ஜனத்த" என்றார். "எல்லாருமா போயிட்டாங்க?" துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அங்கிருந்தே அத்தையிடம் சொன்னார், "நாளைக்கிப் போயிட்டு வா. பூவாடைய வெறுங்கையோட போயி பாக்கக் கூடாது. கற்பூரம் எடுத்துக்க."

அந்தக் கற்பூரம்தான் எங்களைக் கெடுத்தது.

மறுநாள் முதல் ஆட்டம். அத்தை தலை குளித்து, மஞ்சள் புடவை கட்டி, தட்டில் வெற்றிலை, பூ, கற்பூரம் வைத்து மடியில் மறைத்துக்கொண்டு வந்தாள். சினிமா பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. முன்வரிசை மணலில் உட்கார்ந்தோம். மூன்று சுருள் ஓடியது. திரையில் என்ன நடக்கிறது என்று அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்து அணைந்தது. கோபுரம் வந்தது. சக்கரம் வந்தது.

"அத்தை, இப்ப!"

தீக்குச்சியைக் கிழித்தாள். கற்பூரம் குப்பென்று பிடித்தது. அந்தக் காலத்தில் படத்தில் சாமி வந்தால் கூடாரத்தில் கற்பூரம் காட்டுவது வழக்கம்தான். வெளிச்சத்தைப் பார்த்ததும் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் ஒட்டுமொத்தமாக எல்லாரும். தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்களும் எழுந்து தலைக்கு மேல் கைகூப்பினார்கள். "தாயே! அம்மா!" என்று குரல் வந்தது. ஏதோ அம்மன் குழந்தை ரூபத்தில் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். கடலூர் முதுநகர் ஜனம் பாதி எழுந்து நின்று, வாயெல்லாம் நாவல் பழக் கறையோடு நின்ற என் சிநேகிதியைக் கும்பிட்டது. கும்பிட்ட கைகளுக்கு மேலே அவளுடைய நெற்றியும் கண்ணும் மட்டும் எனக்குத் தெரிந்தன. அவளுக்கு இது தெரிந்தால் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுகையும் வந்தது.

ராஜா குதிரையில் வந்தார். ஜனம் உட்கார்ந்தது. "எந்தக் கோயில் அம்மன்டி அது?" என்று பின்னால் ஒருத்தி கேட்டாள்.

"பாத்தீங்களா அத்தை?"

அத்தை கைகூப்பியபடி நின்றுகொண்டிருந்தாள். கண் இரண்டும் இறுக மூடியிருந்தது. கன்னத்தில் தாரையாகத் தண்ணீர். மெல்லக் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். குதிரையைப் பார்த்தாள்.

"எங்கடி? எங்க அவ?"

கற்பூரம் காட்டினால் கண்ணை மூடிக் கும்பிட வேண்டும். பிறந்ததிலிருந்து அப்படித்தான் கும்பிட்டிருக்கிறாள். ஊரே கண்ணைத் திறந்து பார்த்திருக்க, பெற்றவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போயிட்டாளா?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். மணலில் உட்கார்ந்து, "கண்ண மூடிட்டேனே, பாவி, கண்ண மூடிட்டேனே" என்று இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். நான் மிஷின் அறைக்கு ஓடினேன். இன்னொரு தடவை போடுங்கள் என்று ஆபரேட்டரிடம் அழுதேன். இதென்ன ரயிலா பின்னால் தள்ள, ரெண்டாவது ஆட்டத்துக்கு இருந்து பார் என்றார் அவர். ரெண்டாவது ஆட்டம் வரைக்கும் அத்தை எப்படி இருப்பாள்? வீட்டில் பால் குடிக்கிற குழந்தை. கூடாரத்து ஆள் வேறு வந்து, கொட்டகையைக் கொளுத்தப் பார்த்தீர்களா என்று அத்தையைத் திட்டிவிட்டுப் போனான்.

வாசல் தட்டியில், "நாளை கடைசி" என்று ஒட்டியிருந்தது.

மறுநாள் அத்தை வர மாட்டேன் என்றாள். "என்னால முடியாதுடி. அவளப் பாத்தா என் கை தானா கும்பிடும். கண்ணு தானா மூடிக்கும். எனக்கு அவ மூஞ்சியப் பாக்கக் குடுத்துவெக்கல" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! பெரியவள் என்றுகூடப் பார்க்கவில்லை. "கையக் குடுங்க, நான் புடிச்சிக்கறேன். எப்படிக் கும்பிடுவீங்கன்னு பாக்கறேன்" என்று அவள் கையைப் பிடித்துத் தெருவில் இழுத்துக்கொண்டே போனேன். இழுப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

அன்றைக்குக் கற்பூரம் இல்லை, தட்டு இல்லை. கூட்டமும் இல்லை. அதே முன்வரிசை. விளக்கு அணைந்து நாலாவது சுருள் ஓட ஆரம்பித்ததும் நான் அத்தைக்கு முன்னால் மண்டியிட்டு அவளுடைய இரண்டு கையையும் என் இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கோபுரம் வந்தது. அத்தையின் கை ஒன்றையொன்று தேடி முறுக்கியது. விடவில்லை. சக்கரம் வந்தது. மேளம் வந்தது.

"கண்ணை மூடாதீங்க அத்தை. மூடாதீங்க. மூடாதீங்க."

இந்தத் தடவை அவள் முகத்தை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று நான் தீர்மானம் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். பல்லைப் பார்க்க வேண்டும், கையைப் பார்க்கக்கூடாது என்று. முடியவில்லை. அத்தை கண்ணை மூடிவிடுவாளோ என்று அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அத்தையின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. இமை துடித்தது, மூடப் போனது, மூடவில்லை. அகலத் திறந்தது. அந்த இரண்டு கண்ணிலும் சின்னதாக ஏதோ அசைந்தது. எத்தனையோ மாசமாகக் கோணிக்கொண்டிருந்த அந்த முகம், என் கண் முன்னாலேயே, ஒரு குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொள்ளும்போது பெண்களுக்கு வருகிற முகமாக மாறியது. வாய் திறந்து ஒரு சிரிப்புக்கூட வந்தது. அதைப் போல ஒன்றை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. பிடியை விட்டேன். மீதிப் படத்துக்கு நாங்கள் உட்காரவில்லை.

வெளியே வந்து ரயிலடி ஓரமாக நடந்தோம். நான்தான் பொறுக்க முடியாமல், "அத்தை, பல்லு?" என்றேன்.

"மொளைச்சிருந்துச்சுடி. ஒண்ணு முழுசா. இன்னொண்ணு பாதி."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். பாதிப் பல்லோடு அப்படியே நின்றுவிட்டாள். "நான் இழுக்காம இருந்திருந்தா இன்னுங் கொஞ்ச நேரம் நின்னிருப்பா அத்தை" என்றேன். அதைச் சொன்னதும் அத்தனை மாசத்து அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. "அவ மிஷினப் பாத்துகிட்டு சந்தோஷமா நின்னா. நான்தான் இழுத்திட்டேன்."

அத்தை நின்றாள்.

"மிஷினப் பாத்து எங்கடி சந்தோஷமா நின்னா? அதைப் பாக்கறப்ப உம்முன்னுதான இருந்தா. நீ இழுத்ததும் திரும்பினா பாரு, உன்னயப் பாத்துதான் சிரிச்சா. அப்பதான் எனக்குப் பல்லு தெரிஞ்சுச்சு."

அந்தச் சிரிப்பை மூன்று தடவையும் நான் பார்க்கவில்லை. ஊரே பார்த்தது, அத்தை பார்த்தாள், யாரைப் பார்த்துச் சிரித்தாளோ அவள் மட்டும் பார்க்கவில்லை. மறுநாள் கூடாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் படம் அப்புறம் என் கண்ணில் படவே இல்லை.

உப்பனாற்றுப் பக்கம் திரும்பும்போது, படகில் விளக்கை வைத்துக்கொண்டு யாரோ மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தை அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள், மகள் நிற்கிற மாதிரியே. வீட்டில் குழந்தை அழும், அம்மா என்னைத் தேடுவாள், நேரமாகிவிட்டது. அவள் கை என் கைக்குள்தான் இருந்தது. கடைசி மூட்டை ஏறுகிற வரைக்கும் நான் இழுக்கவில்லை.